டிக்ரான் பெட்ரோசியனின் ஆட்டமுறை

டிக்ரான் பெட்ரோசியன் (1929–1984) 1963 முதல் 1969 வரை உலக சதுரங்க வாகையராக இருந்தவர். திபிலீசியில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். தோற்கடிக்க மிகக் கடினமானவர் என்று போற்றப்பட்டார். சலிப்பூட்டும் ஆட்டக்காரர் என்றும் குறை சொல்லப்பட்டார். இக்குறை பெரும்பாலும் ஆட்டங்களின் முடிவுகளை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது.

நிம்சோவிச்சின் நூல்களை இளமையிலேயே ஆழ்ந்து படித்தவர் பெட்ரோசியன். எதிராளியின் திட்டம் உருவாகும் முன்பே அதற்கான வழியை அடைப்பது அவரது இயல்பு. வராத தாக்குதலைப் பார்வையாளர் காண்பதில்லை; ஆகவே பலகையில் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும்.

1953 சூரிச் போட்டியில் ரெஷெவ்ஸ்கியுடன் ஆடிய ஆட்டம் இதற்குச் சிறந்த சான்று. வெள்ளையின் இரு நடுச் சிப்பாய்களும் முன்னேறக் காத்திருந்தன. கறுப்பின் காய்கள் ஒன்றையொன்று மறித்து நின்றன. 25ஆவது நகர்த்தலில் பெட்ரோசியன் தன் கோட்டையை, எதிரி மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் வலியக் கொண்டுபோய் வைத்தார். தாக்குதல் நோக்கம் எதுவும் இல்லை. குதிரைக்கு வழிவிடுவதே நோக்கம். மந்திரி கோட்டையை வெட்டியதும் வெள்ளைக் கட்டங்களைக் காத்த காய் பலகையை விட்டு நீங்கியது. குதிரை நடுவில் அசைக்க முடியாதபடி அமர்ந்தது, சிப்பாய்கள் நின்றுபோயின. கோட்டைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று என்ற பாடக்கணக்கு அந்த நிலையில் பொருளற்றுப்போனது. ஆட்டம் சமனில் முடிந்தது. சமனில் முடிந்த ஆட்டம் ஒன்று இத்தனை நூல்களில் பாடமாக இடம்பெறுவது அரிது.

தாக்கத் தெரியாதவர் என்ற கருத்தும் நிற்காது. 1966இல் ஸ்பாஸ்கியுடனான பத்தாவது ஆட்டத்தில் இரு கோட்டைகளைச் சிறுகாய்களுக்கு ஈடாக விட்டுக்கொடுத்தார். இறுதியில் ராணியையும் பலியிட்டார். அதை ராஜா வெட்டினால், ராஜாவையும் ராணியையும் குதிரை ஒருசேரத் தாக்கும். ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார். 1934இல் அலெகைன் வென்றதற்குப் பிறகு, பட்டத்தைக் காக்கும் போட்டியில் வாகையர் ஒருவர் வென்றது அதுவே முதல்முறை.

அவர்மீதான உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. 1962 குராசாவ் போட்டியில் 27 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றார். ஆனால் அவரும் கெரெஸும் கெல்லரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமன். பல சில நகர்த்தல்களிலேயே முடிந்தன. சூரிச்சின் சமன் போராடிப் பெற்றது. இவை ஆடாமலே பெற்றவை. இரண்டும் புள்ளிப்பட்டியலில் ஒரே அரைப்புள்ளிதான்.