எத்தனை வருசம், எவ்வளவு சம்பளம்? மருத்துவப் படிப்பு வழிகாட்டிகளை முன்வைத்து

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பெட்டிக்கடைகளில் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன வழிகாட்டிப் புத்தகங்கள். நாளிதழ்கள் தனி இணைப்பே போடுகின்றன. உள்ளே மருத்துவத்துக்கென்று சில பக்கங்கள், அதில் கட்டாயம் ஒரு அட்டவணை. இடப்பக்கம் படிப்பின் பெயர், நடுவில் எத்தனை வருசம், வலப்பக்கம் எவ்வளவு சம்பளம். எம்.பி.பி.எஸ். 5½ வருசம். பி.எஸ்சி. நர்சிங் 4. டிப்ளமோ நர்சிங் 3. பி.பார்ம். 4, டி.பார்ம். 2. லேப் டெக்னீசியன் டிப்ளமோ 2. சம்பளக் கட்டத்தில் ஆரம்பம் இவ்வளவு, அனுபவம் வந்தால் இவ்வளவு என்று பெரிய பெரிய எண்கள்.

இதையெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் விமர்சிப்பானேன் என்று தோழர்கள் கேட்கலாம். நாமெழுதும் கவிதைத் தொகுப்பு எத்தனை சேரி வீடுகளில் இருக்கிறது? இந்த இணைப்பு இருக்கிறது. பரணில் மடித்து வைத்து அடுத்த வருசம் தங்கச்சிக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் சனங்கள் விரல் வைத்து வரி வரியாக வாசிக்கிற பிரதி அது. அப்படி வாசிக்கப்படும் ஒன்றை விமர்சனம் தொடாமல் விடுவது சரியில்லை.

முதலில் அந்த ‘5½’ஐ எடுத்துக்கொள்வோம். நாலரை வருசம் படிப்பு, ஒரு வருசம் பயிற்சி, கணக்கு சரிதான். ஆனால் ஆரம்பப் புள்ளி எது? தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் பிளஸ் டூ மார்க்கிலிருந்து நேரே கல்லூரி வாசலுக்குப் போக முடிந்தது. 2017இல் நீட் கட்டாயமானது. அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா 1200க்கு 1176 எடுத்தும் இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு வந்து, அந்த வருசம் செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை ஏ.கே. ராஜன் குழு 2021இல் எடுத்துக்காட்டியது. எம்.பி.பி.எஸ். இடங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டாம், மூன்றாம் முறை தேர்வு எழுதியவர்களுக்குப் போயிருந்தது. ஆக ஐந்தரைக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ வருசம் கோச்சிங் சென்டரில் உட்கார வேண்டும். பிறகு எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ 3 வருசம், அதற்கும் ஒரு நீட். அட்டவணையின் சம்பளக் கட்டத்தில் போட்டிருக்கிற எண்ணைத் தொடுவதற்குள் ஒருத்தருக்கு முப்பது வயசாகிவிடும். அதுவரைக்கும் சோறு போடுவது யார்?

இந்தக் கேள்விக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. ‘நீங்கள் உங்கள் ஆர்வத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். யார் அந்த ‘நீங்கள்’? வருசத்துக்கு இருபது இலட்சத்தைத் தாண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களுக்கு அந்த ‘நீங்கள்’ யாரென்று நல்லாவே தெரியும். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தது, அவர்களின் கட்டணத்தையும் அரசு ஏற்றது. அதுவும் இல்லையென்றால் நிலைமை இன்னும் கேவலம்.

எங்கள் ஊர்க் காலனியில் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளியில், நல்ல மார்க் எடுத்த ஒரு பெண்ணிடம் என்ன படிக்கப் போறேன்னு கேட்டேன். “டி.எம்.எல்.டி. தான்க்கா. ரெண்டே வருசம், கைக்குக் காசு வந்துடும்.” நீட் ஒருவாட்டி எழுதிப் பாக்கலாமில்ல என்றேன். “எழுதலாங்க்கா. அதுவரைக்கும் எங்கம்மா கூட்டணுமே” என்றாள்.

அந்தப் பெண்ணின் அம்மா பக்கத்து நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டுகிறார். அதே மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரியில் கூட்டியவர் என் பெரியம்மா. இரண்டு பேருக்கும் ஒரே தெரு, ஒரே சாதி. கையில் பிடித்ததும் ஒரே துடைப்பம்தான். ஆனால் பெரியம்மா எண்பதுகளில் அரசு வேலையில் நிரந்தரமானவர். மாசம் பிறந்தால் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப். கடன், கடைசியில் ஓய்வூதியம். அந்தக் கடனில்தான் அக்கா நர்சிங் படித்தாள். அக்காவின் சம்பளத்தில் அவள் மகள் இன்றைக்கு இரண்டாம் முறை நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தோத்தாலும் இன்னொரு வருசம் தாங்கும் அந்த வீடு. இந்த அம்மாவோ ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறார். கையில் வருவது பத்தாயிரத்துச் சொச்சம். பி.எஃப். பிடிக்கிறார்கள், ரசீது கேட்டால் மேஸ்திரி முறைக்கிறார். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. இந்த வீட்டுக்கு ரெண்டு வருசமே அதிகம்.

எந்தப் படிப்பு எவ்வளவு காலம் என்பதை நம் வீடுகளில் தீர்மானிப்பது பிள்ளையின் மார்க் மட்டுமில்லை. தாயின் வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வழிகாட்டிகள் பதினேழு வயசுப் பிள்ளையைத் தனியாளாக நிறுத்திக் கேள்வி கேட்கின்றன. சேரியில் படிப்பு என்பது வீட்டின் கணக்கு, சில சமயம் இரண்டு தலைமுறையின் கணக்கு.

சம்பளக் கட்டத்துக்கு வருவோம். 2016 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழுவில் கடைநிலை ஊழியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். நர்சுக்கு 44,900. டாக்டருக்கு 56,100, அதற்கு மேல் தனியாகத் தொழில் பார்க்காமலிருப்பதற்கு ஒரு படி. கீழே இருப்பவரைப் போல மேலே இருப்பவருக்கு மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். நர்சுக்கும் டாக்டருக்கும் நடுவே அவ்வளவு பெரிய பள்ளம்கூட இல்லை. சாதிச் சமூகத்தில் இது சாதாரண விசயமில்லை. ஏறக்கூடிய ஏணி இது. என் பெரியம்மா வீடு ஏறியதும் இந்த மாதிரி ஏணியில்தான்.

அதனால்தான் ஏணியின் கீழ்ப்படிகளில் கை வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. கூட்டுவது, துடைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் தனியார் நிறுவனங்களுக்குப் போனது. ஒப்பந்தக்காரருக்கு இடஒதுக்கீடு பற்றிய கவலையே வேண்டாம், யாரை நிரப்புவார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்து நர்சுகள். 2015இலிருந்து தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்குத் தமிழக அரசு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. நாலு வருசப் படிப்பு, போட்டித் தேர்வு, 7,700! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். தொகை பிற்பாடு கூடியது. ஆனால் கொரோனா காலத்தில் வேலைக்கு எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகளில் இதைவிட மோசம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, எந்த ஆஸ்பத்திரியானாலும் நர்சுக்கு மாசம் 20,000க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்சின் சம்பளத்தையே கொடுக்க வேண்டும் என்றது. கேரளத்து நர்சுகள் ஒன்றுதிரண்டு நின்றதால் 2018இல் அங்கே 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தார்கள். நம் வழிகாட்டிகளில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை. தனக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதே தெரியாமல் ஒரு பெண் முதல் வேலைக்குப் போகிறாள்.

பயிற்சிக் காலத்தையும் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருசம் வார்டில் நிற்பவருக்கு உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரிகள் பலவற்றில் நர்சிங் மாணவிகள் ராத்திரி டூட்டி பார்க்கிறார்கள், சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய ஆளின் வேலையைச் செய்கிறார்கள், அதற்குக் கட்டணமும் கட்டுகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற 92ஆம் எண் அரசாணை 2012இல் வந்தது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை அதிலிருந்து வெட்டினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ஸ்காலர்ஷிப் பணம் கல்லூரிக்கு வந்து சேரவில்லை என்பதற்காக அசல் சான்றிதழ்கள் பிடித்து வைக்கப்பட்டு எட்டு மாசம் வேலைக்குப் போக முடியாமல் இருந்தாள். அட்டவணைப்படி அவள் படிப்பு 4 வருசம்தான்.

இந்தப் பக்கங்களின் சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். டாக்டர் படிப்பு ‘மருத்துவம்’. மற்றதெல்லாம் ‘துணை மருத்துவம்’. ரத்தத்தை எடுப்பவர், எலும்பைப் படம் பிடிப்பவர், கட்டுப் போடுபவர் எல்லாரும் துணை. 2021இல் வந்த மத்தியச் சட்டம் இவர்களுக்குத் தனி ஆணையமும் படிப்புக்குக் குறைந்தபட்ச மணி நேரமும் வைத்தது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் வைக்கவில்லை. துப்புரவுப் பணியாளரை 2020இல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆக்கினார்கள். பெயர் மாறிய அன்றும் அதே ஒப்பந்தம்தான்.

உடம்பைத் தொடுகிறவன் கீழே, தொடாமல் சொல்லுகிறவன் மேலே என்பது பழைய ஏற்பாடு. நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர் நாவிதர் வீட்டு மருத்துவச்சி. கட்டியைக் கீறியவர் அவர் புருசன். அந்தச் சாதிக்கு ‘மருத்துவர்’ என்றே பெயர், அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அப்பெயர் இருக்கிறது. கூலி படியளந்த தானியம். அயோத்திதாசர் பண்டிதர் சித்த வைத்தியத்தில் பேர் பெற்றவர், 1907இல் பத்திரிகை தொடங்கியவர். இவர்களின் அறிவெல்லாம் படிப்பு என்ற கணக்கில் சேரவில்லை. காலனிய அரசு நாலு வருசப் பயிற்சியில் எல்.எம்.பி. டாக்டர்களை உருவாக்கியது. 1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது இந்தியாவில் பதிவு பெற்றிருந்த சுமார் 47,500 டாக்டர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இப்படிப்பட்டவர்கள். அந்தக் குறுகிய பாதையை மூடி, நீண்ட ஒரே பாதையை வைத்தார்கள். தரத்துக்காக என்றார்கள், இருக்கட்டும். நீளமான பாதையில் யார் நடக்க முடியும் என்று அப்போதும் கேட்டிருக்க வேண்டும்.

அட்டவணையில் வராத ஒரு வேலை உண்டு, பிணவறை. தடய மருத்துவத்தில் எம்.டி. 3 வருசம் என்று போட்டிருக்கிறது. ஆனால் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் மண்டை ஓட்டைத் திறப்பதும், குடலை எடுத்து வைப்பதும், திரும்பத் தைத்து, சனங்கள் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதும் துப்புரவுத் தொழிலாளியின் கை. டாக்டர் பார்த்துச் சொல்லுகிறார், கையெழுத்துப் போடுகிறார். இந்த வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பன் சொல்லிக் கொடுத்தான், இல்லையென்றால் கூட வேலை செய்த மூத்தவர். எத்தனை வருசம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சம்பளக் கட்டத்தில் மட்டும் தெளிவாக எழுதலாம், துடைப்பம் பிடிப்பவரின் சம்பளம்.

மேலே ஏறிவிட்டால் எல்லாம் சரி என்பதும் பொய். எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் படும் பாட்டை தோரட் குழு 2007லேயே எழுதிவிட்டது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடிப் பெண்ணான டாக்டர் பாயல் தாட்வி, மேல்படிப்பு படிக்கும்போதே செத்துப்போனார். கூடப்படித்த மூத்த டாக்டர்கள் சாதி சொல்லிக் கொடுமைப்படுத்தினார்கள் என்று வழக்கு.

இப்போது நம் இயக்கங்களைப் பற்றி. அனிதாவுக்காகத் தெருவில் இறங்கினோம், இறங்கியது சரி. ஆனால் ஆஸ்பத்திரி வேலை ஒப்பந்தத்துக்குப் போனபோது எத்தனை சுவரொட்டி ஒட்டினோம்? “அது இழிதொழில் தோழர், ஒழியட்டும்” என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே சொன்னார்கள். தொழில் எங்கே ஒழிந்தது? செய்கிற சாதியும் மாறவில்லை. நிரந்தரமும் ஓய்வூதியமும் பிள்ளை படிப்புக்கு வாங்கிய பி.எஃப். கடனும்தான் ஒழிந்தன. மலத்தை இயந்திரம் அள்ளட்டும் என்று கேட்போம். அதுவரைக்கும் அள்ளுகிறவர் அரசு ஊழியராக இருக்க வேண்டும் என்பதையும் அதே மேடையில் கேட்க வேண்டும். டாக்டர் சீட்டுப் போராட்டமும் துடைப்பக்காரரின் நிரந்தரப் போராட்டமும் வேறு வேறு சங்கங்களின் வேலை என்று பிரித்து வைத்திருப்பது, அட்டவணை போடுகிறவனின் புத்தியைத்தான் நமக்கும் கொடுத்திருக்கிறது.

இந்தக் கோடையில் இரவுப் பள்ளிப் பிள்ளைகள் சார்ட் தாளில் வேறொரு அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறார்கள். வருசம், சம்பளம் பக்கத்தில் சில கட்டங்கள் கூடுதல்: படிக்கும்போது யார் சம்பாதித்தார், கடன் எவ்வளவு, அசல் சான்றிதழ் எத்தனை மாசம் யாரிடம் இருந்தது, வேலை நிரந்தரமா, பி.எஃப். ரசீது உண்டா. இதுவரை நிரப்பியிருப்பது எங்கள் இரண்டு தெருக்கள்தான். டாக்டர், நர்சு, எக்ஸ்ரே, லேப், ஆயா, பிணவறை எதில் இருந்தாலும் இந்த இதழின் வாசகர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை எழுதி ஆசிரியர் குழு முகவரிக்கு அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம், எண்களைச் சரியாகப் போடுங்கள்.