துடுப்புக்கு எத்தனை மணி நேரம்?

தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) கடற்படைப் பிரிவில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் சான்றிதழைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதில் தவறில்லை. கல்லூரிக் காலம்வரை தொடர்ந்து ‘சி’ சான்றிதழ் பெறுபவர்களுக்கு, எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படைக் கழகத்தில் சேர சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணி) தேர்வு வழியே தனியாகச் சில இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெள்ளைச் சீருடை அணியும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கடற்படைக்குப் போகப்போவதில்லை. ஆகவே இந்தப் பயிற்சியின் மதிப்பை, கடற்படைக்குப் போகாத அந்தப் பிள்ளைகளுக்கு அது என்ன தருகிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நல்ல முறையில் நடந்தால் அது தருவது மிக அதிகம். 27 அடி நீளமுள்ள வேலர் படகில் ஐந்து பேர் துடுப்பு வலிப்பார்கள். ஒருவர் சுக்கான் பிடிப்பார். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் துடுப்புகள் மோதிக்கொள்ளும், படகு திசை மாறும். யார் பிசகினார் என்பது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும், அவரைக் கழற்றிவிட்டுப் போகவும் முடியாது. சுக்கான் பிடிப்பவரும் அதே வயதுப் பிள்ளைதான். வகுப்பில் வாய் திறக்காத மாணவி அங்கே ஐந்து பேருக்குக் கட்டளை இடுகிறாள், அவள் கணக்கு தப்பினால் படகு துறையில் இடிக்கும். பாய்மரப் படகில் இது இன்னும் கூர்மையாகிறது. எண்டர்பிரைஸ் வகைப் படகில் இருப்பது இரண்டே பேர். காற்று மாறும்போது பாயை இழுப்பதா தளர்த்துவதா என்பதை அவர்களே அந்தக் கணத்தில் முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யப் பழகிய பிள்ளைகளுக்கு, தன் முடிவின் விளைவை உடனே உடம்பில் உணரும் இப்படியொரு வாய்ப்பைப் பள்ளியில் வேறு எந்தப் பாடமும் தருவதாக எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் திரும்பினார். பாய் பிடிக்கப் பழகும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனவாக இனி இருக்க வேண்டியதில்லை.

குறை இங்கேதான் தொடங்குகிறது. 1952-இல் தொடங்கிய இந்தப் பிரிவில் பல பிள்ளைகள் தண்ணீரைவிட மைதானத்தையே அதிகம் பார்க்கிறார்கள். பள்ளியில் எளிதாக நடத்தக்கூடியது அணிவகுப்பு. அதற்குப் படகு வேண்டாம், உயிர்காப்பு அங்கி வேண்டாம், நீச்சல் தெரிந்த பயிற்றுநரும் வேண்டாம். டெல்லி குடியரசு நாள் முகாமுக்கான தேர்வும் அந்தப் பக்கமே இழுக்கிறது. கொடியசைத்துச் செய்தி சொல்லும் செமஃபோரும் முடிச்சுகளும் கப்பல் மாதிரி செய்வதும் கவனத்தை வளர்ப்பவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடலோரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அவை படகின் இடத்தையே பிடித்துக்கொள்கின்றன. நீந்தத் தெரியாமலேயே ஒரு பிள்ளை கடற்படைப் பிரிவில் இரண்டு ஆண்டு முடித்து வெளியேற முடிகிறது என்றால், அந்தப் பயிற்சியைக் கடற்பயிற்சி என்று சொல்லக் கூடாது.

இதைவிடக் கவலை தருவது கேள்வி கேட்காத கீழ்ப்படிதல். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியொன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். முகாமை நடத்தியவர்களுக்கும் படைக்கும் தொடர்பு இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. அது உண்மைதான். ஆனாலும் காக்கிச் சட்டை, விசில், ‘முகாம்’ என்ற பெயர் ஆகியவை இருந்தால் போதும், பள்ளியும் பெற்றோரும் அனுமதிக் கடிதம் கேட்காமல் பிள்ளைகளை ஒப்படைத்துவிடுகிறார்கள் என்பதை அது அம்பலமாக்கியது. முகாம் ஆணையில் எந்த யூனிட்டின் முத்திரை இருக்கிறது, மாணவியருடன் இரவில் தங்கும் பெண் அதிகாரி யார் என்று கேட்பது பெற்றோரின் கடமை. அந்தக் கேள்வியை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளும் பள்ளியை நம்பக் கூடாது.

இந்தப் பயிற்சியில் மொழிச் சிக்கலும் உண்டு, அது பழையது. 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்களைக் கைவிட வேண்டும் என்றும் கேட்டது. இன்றும் அணிவகுப்பில் ஒலிப்பவை இந்திக் கட்டளைகளே. ஒருமித்து நடக்க ஒரே சொல் வேண்டும் என்ற வாதத்தை மைதானத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். படகில், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், பிள்ளைக்கு நொடியில் புரியும் மொழியில்தான் எச்சரிக்கை வர வேண்டும்.

2020 சுதந்திர தின உரையில் எல்லை, கடலோர மாவட்டங்கள் 173-இல் ஒரு லட்சம் புதிய கேடட்களைச் சேர்க்கப்போவதாகவும் அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் பிரதமர் அறிவித்தார். சரியான திசை. ஆனால் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ சேரும் மீனவர் வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வாடைக் காற்றும் கச்சான் காற்றும் எப்போது திரும்பும், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அது வீட்டிலேயே கற்றிருக்கும். பயிற்சியில் அதற்கு இடமில்லாமல் போனால், அந்தப் பிள்ளை தன் தகப்பனின் அறிவைத் தாழ்வாக நினைக்கத் தொடங்கும். அனுபவமுள்ள மீனவரை ஊதியம் தந்து பயிற்றுநராக்கலாம். நீச்சலில் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்று விதிக்கலாம். புதிய யூனிட் தொடங்கும் ஊரில் சீருடைத் துணி வந்து சேரும் முன்பே படகும் உயிர்காப்பு அங்கிகளும் வந்திருக்க வேண்டும்.