சரக்கு கிடந்த வீடு

சூளகிரியில் என் தாய்மாமனுக்குப் புளிக்கிடங்கு ஒன்று இருந்தது. மாசி பங்குனியில் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் புளி, ஓடும் கொட்டையும் நீக்கப்பெற்று, ஓலைப் பாயில் சிப்பமாகக் கட்டப்பட்டு, விலை ஏறும் காலத்தை எதிர்நோக்கி அங்கே மாதக்கணக்கில் உறங்கும். முழங்கை அகலத்துக்குக் கனத்த கல்சுவரும், ஆள் எட்டாத உயரத்தில் ஒரே ஒரு சாளரமும், சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் மேனியில் படியும் குளிர்ச்சியும், அந்தக் குளிர்ச்சியோடு கலந்து மூக்கில் ஏறும் புளிப்பும் இனிப்புமான நெடியும் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. பாரம் ஏற்றி முடித்த ஹமாலிகள் மூட்டைகளின்மேல் சாய்ந்துகொண்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கதை பேசும் மாலை வேளைகளில், ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு, பொருள்களுக்கென்று கட்டப்பட்ட ஓர் இடம் மனிதருடைய சல்லாபத்துக்கு இவ்வளவு இசைந்து வருவது எதனால் என்ற கேள்வி அப்போது எழவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, லண்டனில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஒரு மது விடுதியில்தான் அது எழுந்தது.

மது விடுதி என்றவுடன் முகம் சுளிக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தபோது, கிருஷ்ணகிரியும் ஓசூரும் சூளகிரியும் அந்த ஜில்லாவுக்குள்ளேயே இருந்தன. அதைக் கொண்டுவந்த ராஜாஜியோ ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். ஆகவே எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஈச்சங்கள் என்ற சொல்லைக்கூடப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் உச்சரிப்பார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே வேறு அரசாங்கம், வேறு சட்டம் என்றிருக்கும் எல்லையோரத்தில் அந்த விரதம் எவ்வளவு தூரம் காக்கப்பட்டது என்பது வேறு கதை. நான் குடிப்பழக்கம் உள்ளவன் அல்லன். அன்று அருந்தியதும் அவர்கள் கணக்கில் அரைப் பைண்ட், நம் கணக்கில் 284 மில்லி. அந்தப் பானத்தை முன்னே வைத்துக்கொண்டு மனிதர்கள் உட்காரும் விதமும், அவர்கள் உட்காரும் வீடுமே என் ரசனைக்கு இலக்காயின.

என்னை அங்கே அழைத்துச் சென்றவன் என் தங்கை மகன். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சீமைக்குப் போனவன். லண்டன் பிரிட்ஜ் ரயிலடியில் இறங்கி, சதர்க் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பினால், ஒரு சிறு படகுத்துறை. அதில் கரும்பழுப்பு நிறத்தில், இவ்வளவு சிறியதா என்று வியக்கும்படி, ஒரு கப்பல் நிற்கிறது. பிரான்சிஸ் டிரேக் உலகைச் சுற்றிவந்த ‘கோல்டன் ஹிண்ட்’ என்னும் கப்பலின் மாதிரி அது. 1973-இல் புதிதாகக் கட்டி மிதக்கவிட்டது. அசல் கப்பல் 1580-இல் திரும்பி வந்தபோது, அதன் வயிற்றில் கொள்ளையடித்த வெள்ளியோடு, மொலுக்கஸ் தீவுகளில் கொண்ட கிராம்பும் இருந்தது. அந்தக் கப்பலுக்குத் தோளோடு தோள் உரசினாற்போல் நிற்பதே நான் சொல்லவந்த விடுதி, ‘ஓல்ட் தேம்ஸைடு இன்’. ஒரு காலத்தில் அது வாசனைத் திரவியங்கள் வைத்திருந்த கிடங்கு. கிராம்புக் கப்பலின் பிரதிமையையும் மசாலாக் கிடங்கையும் இப்படி அருகருகே கொண்டுவந்து நிறுத்தியது யாருடைய திட்டமோ, காலத்தின் விளையாட்டோ, எதுவானாலும் மனத்துக்கு இதமாக இருந்தது.

தேம்ஸ் கரைக் கிடங்குகளின் கட்டுமானத்தைச் சற்றே விஸ்தரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் ரசனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் நதியைப் பார்த்தபடி, படியும் கைப்பிடியும் இல்லாமல், வெறும் ஆகாயத்தில் திறக்கும் ஒரு கதவு. அதற்கு நேர்மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாரந்தூக்கி. கீழே படகில் வந்து நிற்கும் மூட்டை, சங்கிலியில் தொங்கி மேலேறி, அந்தக் கதவு வழியே உள்ளே இழுக்கப்படும். மனிதன் அந்தக் கதவில் கால் வைத்தால் நேரே நதிதான். இவ்விதம் முற்றிலும் சரக்கின் சௌகரியத்துக்காகவே சிந்திக்கப்பட்ட கட்டடம் அது: எடை தாங்க இரும்புத் தூண், தீக்கு அஞ்சிச் செங்கல், களவுக்கு அஞ்சிச் சிறு சாளரம். 1960-களில் கப்பல் சரக்குகள் பெட்டிகளில் அடைபட்டு வரத் தொடங்கின. அந்தப் பெரும் கலங்கள் நகரத்துக்குள் ஏறிவர இயலாமற்போக, துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1981-க்குள் பழைய துறைகள் யாவும் ஓய்ந்துவிட்டன. சரக்கு போனபின் கிடங்கு என்ன செய்யும்? சில இடிந்தன, சில அடுக்குமாடி வீடுகளாயின, சில, இதைப்போல, மனிதரை வரவேற்கத் தொடங்கின.

வடமொழி அலங்கார சாஸ்திரத்தில் ஔசித்யம் என்றொரு கொள்கை உண்டு. எது எங்கே இருப்பது தகுமோ அது அங்கே இருப்பதே அழகு என்பது அதன் சாரம். பழைய கட்டடத்துக்குப் புதுத் தொழில் கொடுப்பவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. இதே நதியில் சற்றுக் கிழக்கே, செயிண்ட் கேத்தரின் துறையில், ‘டிக்கன்ஸ் இன்’ என்றொரு விடுதி இருக்கிறது. அதுவும் கிடங்காக இருந்ததுதான். 1970-களில் அதன் மரச்சட்டகத்தை அப்படியே நகர்த்தி வேறிடத்தில் நிறுத்தியவர்களின் திறமை அசாத்தியமானது. ஆயினும், மூன்றடுக்குத் தாழ்வாரங்களும் பூத்தொட்டிகளும் வைத்து, பதினெட்டாம் நூற்றாண்டுச் சத்திரம்போல் அதற்கு வேஷம் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது, உழைத்துக் களைத்த ஒரு கிழவனுக்கு மாப்பிள்ளைக் கோலம் செய்துவைத்தாற்போல் எனக்குச் சங்கடமாகவே இருந்தது. தேம்ஸைடு விடுதியிலோ உத்தரங்கள் கருத்தபடி கிடக்கின்றன. செங்கல் செங்கலாகவே தெரிகிறது. வெளிச்சம் தேவையான அளவுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. நதிப்பக்கம் திறந்த மேடை ஒன்றும் உண்டு. வெயில் காயும் நாளில் அந்நாட்டு மக்கள் அங்கே மொய்த்துவிடுவார்கள். வெயிலைப் பார்த்துச் சலித்த சூளகிரிக்காரனாகிய நான் உள்ளேயே உட்கார்ந்தேன்.

சிங்கப்பூரை இங்கே சொல்லாமல் விட முடியாது. அது நம் சொல்லின் பிரயாணத்தோடு சம்பந்தப்பட்டது. பொருள் கிடக்கும் இடம் கிடங்கு. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய இச்சொல் கடல் கடந்து மலாய் மொழியில் ‘கூடாங்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலேயன் நாவில் ‘கோடவுன்’ ஆகித் திரும்பவும் நம்மிடமே வந்து சேர்ந்தது என்பது மொழியறிஞர் பலர் கருத்து. பிள்ளை வெளியூர் போய்ப் பேரை மாற்றிக்கொண்டு வந்து நிற்க, தாய் அடையாளம் தெரியாமல் உபசரித்த கதை இது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய இடங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர். அந்த ஊர் நதிக்கரையில், கிளார்க் கீ என்னுமிடத்தில், வரிசையாக நின்ற சரக்குக் கிடங்குகளைப் புதுப்பித்து, 1993-இல் உணவகங்களும் மதுச்சாலைகளுமாகத் திறந்தார்கள். 1886-இல் கட்டிய ஆர்டு பாலம் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் கள்ளுக்கடைகள் மலிந்திருந்தபடியால் அதற்குக் கள்ளுப்பாலம் என்றும் ஒரு பெயர் வழங்கியது. இன்று அந்த வரிசையில் வர்ணமும் விளக்கும் தலைக்கு மேலே ராட்சதக் குடைகளும் கண்ணைப் பறிக்கின்றன. கிடங்கின் சுவடு தேடினாலும் அகப்படவில்லை. கள்ளுப்பாலம் என்ற பெயர் ஒன்றுதான் அங்கே எனக்குப் பழைய வாசனையைத் தந்தது.

விடுதியின் மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு கைத்தொழிலே. ஆங்கிலேயர் ‘ஏல்’ என்று போற்றும் பானம் பீப்பாய்க்குள் அடைபட்ட பின்பும் நொதித்துக்கொண்டேயிருப்பது. நம் வீட்டு இட்லி மாவைப்போல் உயிருள்ளது. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் அதைக் கிடத்தி, உள்ளிருக்கும் வாயு அளவோடு வெளியேறும்படி மேலே ஒரு சிறு மர ஆணியைச் செருகி, வண்டல் படியும்வரை பொறுத்திருந்து, தெளிந்த பக்குவம் அறிந்து திறக்க வேண்டும்; திறந்த மூன்று நாளில் தீர்க்காவிட்டால் புளித்துப்போகும். வாயுவை ஏற்றி அழுத்தித் தள்ளும் ஆலைப் பீர் இந்தக் கலையை அழித்துவிடும் என்று அஞ்சி, 1971-இல் அங்கே ஓர் இயக்கமே தோன்றியது. மேடைக்குப் பின்னே நிற்பவர் நீண்ட கைப்பிடியை நிதானமாக இழுக்க, நிலவறையிலிருந்து அது கண்ணாடிக் குவளையில் ஏறும் காட்சி, கிணற்றில் ஏற்றம் இறைத்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு மிகவும் பரிச்சயமானதாகத் தோன்றியது. சுவையோ, முதல் வாய்க்குக் கசப்பு. வேப்பம்பூ ரசம் குடித்துப் பழகிய நாக்கு அதை இரண்டாம் வாயில் மன்னித்தது. மூன்றாம் வாயில் கசப்புக்கு அடியில் வறுத்த தானியத்தின் இனிப்புத் தெரிந்தது.

அந்தக் கருநிறப் பானத்தின் பெயர் போர்ட்டர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், கப்பல்துறையிலும் தெருக்களிலும் பாரம் சுமந்த கூலிகள் விரும்பிக் குடித்ததால், அவர்கள் பெயரே அதற்கு வந்தது. மருமகன் இதைச் சொன்னபோது என் குவளை பாதி வழியில் நின்றது.

“அப்படின்னா இது ஹமாலி பீர்னு சொல்லுடா!”

“ஆமா மாமா. நம்ம ஊர்ல சரக்குன்னா ரெண்டு அர்த்தம் இருக்குல்ல? இங்கேயும் ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு.”

அந்தச் சிலேடையை என்னைப்போன்ற வயதானவன் ரசித்ததாகக் காட்டிக்கொள்வது மரியாதையன்று. ரசித்தேன் என்பது உண்மை. இந்த விடுதிக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான், போர்ட்டர் காய்ச்சிப் பேர்பெற்ற திரேல் என்பவரின் மதுவாலை இருந்தது. திரேல் மறைந்தபின், 1781-இல் அது 1,35,000 பவுனுக்கு விலைபோயிற்று. அந்த விற்பனையை நடத்திவைத்த தர்மகர்த்தர்களுள் ஒருவர் அகராதி தந்த மகாவித்துவான் சாமுவேல் ஜான்சன்.

சாளரத்துக்கு வெளியே நதி ஓடுவதாகச் சொல்வது சரியன்று; அது மேலும் கீழுமாக மூச்சுவிடுகிறது. கடலேற்றம் வரும்போது லண்டன் பாலத்தடியில் ஏழு மீட்டர்வரை நீர் உயர்கிறது. நாங்கள் சென்றபோது கூழாங்கல்லும் உடைந்த களிமண் குழாய்த் துண்டுகளும் தெரிந்த கரை, ஒரு குவளை தீருமுன் மறைந்துவிட்டது. நந்தி மலையில் பிறந்து எங்கள் பக்கமாக வரும் தென்பெண்ணை, மழை பெய்தால் நதி, பெய்யாவிட்டால் மணல். பெங்களூர்க் கழிவால் கெலவரப்பள்ளி அணையின் மதகடியில் பனிமலைபோல் நுரை பொங்கும் நாட்களில், அதன் கரையில் அமர்ந்து எதையும் ரசிக்கும் துணிவு யாருக்கும் வராது. அதில் என்றும் படகு ஏறிவந்ததில்லை. ஆகவே கரையில் கிடங்கு எழவும் முகாந்தரமில்லை. எங்கள் கொத்தமல்லியும் தக்காளியும் புளியும் மிதந்து போகும் பிரவாகம் பெங்களூர் நெடுஞ்சாலைதான். அதன் இரு கரையிலும்தான் எங்கள் கிடங்குகளும், எல்லை தாண்டியதும் எங்கள் ஆட்களின் மதுக்கடைகளும். ஆனால் நம் மதுக்கடையில் நாற்காலி இல்லை, சாளரம் இல்லை, பேச்சு இல்லை. காசை நீட்டிக் குப்பியை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் இடம் அது. சரக்கு மட்டும் இருக்கிறது. மனிதன் கிடப்பதற்கு இடமில்லாமையால் தெருவோரத்தில் கிடக்கிறான்.

அங்கே ஒரு பாட்டி நாய்க்குட்டியோடு வந்து, தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரையும் பொருட்படுத்தாமல் புத்தகம் படித்தார். நான்கு பேர் கூடி வந்தால் ஒருவர் எல்லோருக்குமாக வாங்கி வருகிறார்; அடுத்த முறை இன்னொருவர். முறை தவறியவனை ஊர் மறப்பதில்லையாம். மொய்க்கணக்கு எழுதும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேடையருகே வரிசை கிடையாது. எனினும் எவர் முன்னே வந்தவர், எவர் பின்னே வந்தவர் என்பதை ஊற்றித் தருபவர் ஒரு கண்ணோட்டத்தில் மனத்தில் வாங்கிக்கொண்டு, அந்தக் கிரமப்படியே கேட்கிறார். தனக்கு முன்னே வந்தவரைக் கைகாட்டி விட்டுக்கொடுப்பது அங்குள்ளவர்களின் சம்பிரதாயம். என்னையும் ஒருவர் அப்படிக் கைகாட்டினார்.

புறப்படும் சமயத்தில், கை கழுவப் போவதுபோல் நழுவி, ஒரு மூலையில் செங்கல் சுவரோரம் போய் நின்றேன். எத்தனை ஆயிரம் மூட்டை மிளகும் பட்டையும் கிராம்பும் சாய்ந்திருந்த சுவர்! அவற்றில் ஒன்றேனும் நம் பக்கத்துத் துறைகளிலிருந்து போயிருக்கும் என்ற நினைப்பில், மூக்கை அருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தேன். பழஞ்சுண்ணாம்பும் ஈர மரமும் சிந்திய பீரும்தான் மணத்தன.

“மாமா, என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க” என்று மருமகன் காதருகே வந்து கடிந்துகொண்டான்.

கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவன் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தபோது, காலணிக் கயிற்றைக் கட்டும் பாவனையில் அதே மூலையில் குனிந்திருந்தான். முகம் மட்டும் சுவரை ஒட்டியிருந்தது.