பேய் கேட்ட நீதி

பேய் உண்டா? இல்லை. இந்த விடைக்குப் பகுத்தறிவாளருக்கு ஒரு நொடி போதும். ஆனால், இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் நம் வேலை முடிந்ததா? இல்லாத பேயை ஏழையின் நெஞ்சிலே குடியேற்றியது எது என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்கவைக்கும் படம், ஜப்பானிய இயக்குநர் கானெட்டோ ஷிண்டோ 1968இல் எடுத்த ‘குரோனெகோ’. கறுப்புப் பூனை என்பது அதன் பொருள்.

மூங்கில் தோப்பின் அருகே ஓர் உழவன் குடிசை. மகனைப் போர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாமியாரும் மருமகளும் தனித்திருக்கிறார்கள். தோப்பிலிருந்து சாமுராய்க் கூட்டம் வருகிறது, இருந்த உணவைத் தின்கிறது, பெண்களைச் சீரழிக்கிறது, குடிசைக்குத் தீயிட்டுச் செல்கிறது. கருகிய உடல்களைப் பூனை நக்குகிறது. சாமுராய்களின் குருதி குடிப்போம் என்று சூளுரைத்து இருவரும் ஆவிகளாக எழுகிறார்கள்.

போர்க்களத்திலே பகைத் தலைவனைக் கொன்று திரும்பிய மகனோ, இப்போது சாமுராய் ஆக்கப்பட்டுவிட்டான். ‘பேயை ஒழித்து வா’ என்று தலைவன் ராய்கோ கட்டளையிடுகிறான். போய்ப் பார்த்தால், பேய்கள் அவன் தாயும் மனைவியும்! உழவன் வயிற்றிலே பிறந்தவன் கையில் ஆண்டையின் வாள். அந்த வாளுக்கு இரை அவன் குடும்பமே. அச்சமூட்டும் காட்சிகள் பல இருந்தும், நம்மை உலுக்குவது இந்த ஓர் இடந்தான்.

குறை இல்லையா? உண்டு. மனைவி அன்பினால் சூளுரையை மீறி நரகம் புகுகிறாள். தாயும் மகனும் மோதுகிறார்கள். முடிவில் மகன் பனியிலே மாண்டு கிடக்கிறான். ஏவிய ராய்கோவின் மீதோ ஒரு கீறலும் இல்லை! பேய் கேட்ட நீதி, அரண்மனை வாயிலை எட்டவே இல்லை.

அதே 1968. டிசம்பர் 25 இரவு. தஞ்சைத் தரணியின் கீழ்வெண்மணி. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட ஒடுக்கப்பட்ட உழைப்பாளர் சேரியிலே, ஒரு குடிசைக்குள் ஒண்டிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமன்றம் நிலக்கிழார்களைத் தண்டித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வம் படைத்த மிராசுதார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு!

வெண்மணியில் எந்த ஆவி எழுந்தது? எந்தப் பூனை வந்தது? எரிந்தவர்கள் எரிந்தவர்களே. சாட்சி சொன்னவர்கள் உயிரோடிருந்த மனிதர்கள், போராடியவர்களும் அவர்களே.

நம் மண்ணிலும் இந்தப் பழக்கம் பழையது. சாதி கடந்து காதலித்ததாகச் சொல்லப்படும் காத்தவராயனைக் கழுவேற்றினார்கள், பின்பு தெய்வமாக்கினார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்கும் அதே கதி. கொன்றவனைக் கேள்வி கேட்க அஞ்சிய ஊர், கொல்லப்பட்டவனுக்குப் படையலிட்டு மனச்சான்றைத் தூங்கவைத்தது. நீதிமன்றம் கைவிட்ட இடத்திலே பேய் பிறக்கிறது. பேய்க்குப் பொங்கலிட்ட இடத்திலே நீதி மறக்கப்படுகிறது.

இளைஞனே! இந்தப் படத்தைப் பார். பேயைக் கண்டு நடுங்குவதற்காக அல்ல. பேயை நம்புகிறவர்களை எள்ளுவதற்காகவும் அல்ல. புளியமரத்தடியிலே வேப்பிலை கட்டி ஒரு தாய் நடுங்கி நிற்கும்போது, ‘பேய் இல்லை, அம்மா’ என்று சொல். சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதே. ‘உங்களுக்கு அநீதி செய்தது யார்?’ என்று கேள். அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்காத பகுத்தறிவு, பாதி அறிவே!