காருகுறிச்சிக்கு அடுத்து யாரைக் கேட்பது?

நெல்லைச் சீமையில் நாயனம் என்றால் காருகுறிச்சி அருணாசலம்தான் (1921–1964). 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடு கொடுத்து அவர் வாசித்த ஆபேரி இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அந்தப் பாட்டில் மயங்கி, “இவரை மாதிரி வேறு யார் வாசிப்பாங்க?” என்று கேட்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒலி ஒத்திருப்பவரைத் தேடாதீர்கள். பாணியைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே, தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது காருகுறிச்சி. காவிரிக் கரையிலிருந்து இத்தனை தள்ளியிருக்கும் ஊரில் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் சீடராகி, அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்தார். ஆகவே முதலில் கேட்க வேண்டியது ராஜரத்தினத்தின் தோடி. அதுவரை உச்ச சுருதியில் ஒலித்த திமிரி நாயனமே வழக்கில் இருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும் நீண்ட பாரி நாயனத்தை ராஜரத்தினம் நிலைநாட்டினார். சுருதி இறங்கியதும் ராகம் விரிந்தது. மூச்சு எங்கே முடிகிறது என்று தெரியாத கார்வை, மின்னல் வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும் பிருகா: இந்த இரண்டும்தான் அந்தப் பாணியின் உரைகல். குருவிடம் துணிச்சல் முந்தி நிற்கும். சீடரிடம் அதே பிருகா குழைந்து வரும். காருகுறிச்சியின் தனிச் சொத்து அந்தக் குழைவு.

அடுத்து ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர்; ராஜரத்தினத்தின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே அந்தப் பாணியைத் தமதாக்கிக்கொண்டவர். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். குருவின் அருகில் அமர்ந்து வாசித்த காருகுறிச்சிக்கு மிக நெருங்கிய சொந்தம், தூர இருந்து கேட்ட இவரே என்பது என் துணிபு. ராக ஆலாபனையில் இருவரும் காட்டும் பொறுமையே அதற்குச் சாட்சி.

இனிமைக்காகவே கேட்பதானால் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். கீர்த்தனையின் சாகித்தியம் சிதையாமல் வாய்ப்பாட்டாக ஒலிக்க வேண்டுமானால் திருவீழிமிழலை சகோதரர்கள். இருவர் வாசித்தாலும் ஒரே நாயனம் போலக் கேட்கும். லயக் கணக்கோடு ரக்தி மேளம் கேட்கச் செம்பனார்கோவில் பரம்பரையிடம் போக வேண்டும். மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களை ‘தில்லானா மோகனாம்பாள்’ வழியே எல்லோரும் அறிவார்கள். அந்த அறிமுகத்தோடு நின்றுவிடாமல் அவர்களுடைய கச்சேரிப் பதிவுகளையும் கேளுங்கள்.

நம் அம்மன் கோவில் கொடைகளில் ஒலிக்கும் நையாண்டி மேளத்தை இந்த வரிசைக்கு வெளியே தள்ளுவது தவறு. அதே நாயனம், அதே சீவாளி, அதே தவில். ஆட்டத்துக்கு வாசிப்பதால் அங்கே ராகத்துக்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். சாமத்துக்கு மேல் கூட்டம் தணிந்ததும் அந்தக் கலைஞர்களிடம் ஒரு தோடி கேட்டுப் பாருங்கள். யாரிடம் பயின்றார்கள் என்றும் கேளுங்கள்; அந்தப் பதிலிலிருந்து அடுத்துக் கேட்க வேண்டியவரின் பெயர் கிடைக்கும்.

கொடை நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கும்போதே, சினிமாப் பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் ராகம் வாசிக்கச் சொல்லுங்கள். அந்த அரை மணிக்கும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.