சின்னத்திரையில் குவாய் பாலம்

1966 செப்டம்பர் 25, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை ஒளிபரப்பியது. செலவை ஏற்று விளம்பரம் செய்தது ஃபோர்டு கார் நிறுவனம். ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்ற படம்தான். ஆனாலும் ஒரே இரவில் இத்தனை பேரைக் கூட்டும் வல்லமை உலகின் எந்தத் திரையரங்குக்கும் இல்லை. பழைய போர்ப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் வழக்கம் அந்த இரவுக்குப் பின் வேரூன்றிவிட்டது.

அதன் நன்மைகளை முதலில் சொல்லிவிட வேண்டும். போருக்குப் போய்வந்த தலைமுறையும் போரைப் பார்த்தேயிராத தலைமுறையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தது தொலைக்காட்சியால்தான். "அப்படியெல்லாம் நடக்கவில்லை" என்று பெரியவர் ஒருவர் குறுக்கிட்டுச் சொல்ல வீட்டில் இடமுண்டு. அரங்கின் இருட்டில் கிடையாது. மறுஒளிபரப்பும் ஒரு வரம்தான். முதல் முறை பார்க்கும்போது, ஜப்பானியரிடம் கைதியாக இருக்கும் பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் கொள்கை பிசகாத வீரராகத் தெரிகிறார். முடிவு தெரிந்தபின் மீண்டும் பார்த்தால், எதிரிக்காக உறுதியான பாலம் கட்டித் தருவதில் பெருமைகொள்ளும் மனிதரின் பேதைமை தொடக்கத்திலிருந்தே கண்ணில் படுகிறது. அந்த வேடத்தில் அலெக் கின்னஸின் நடிப்பு எத்தனை நுட்பமானது என்பதும் அப்போதுதான் புலப்படுகிறது.

இழப்பு வடிவத்திலிருந்து தொடங்குகிறது. இது சினிமாஸ்கோப் படம். அகலம் உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கும் மேல். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையோ நான்குக்கு மூன்று. 'பான் அண்ட் ஸ்கேன்' முறையில் திரையை நிரப்பினால் படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கொளுத்தும் வெயிலில் பிரிட்டிஷ் அதிகாரிகளை நிற்கவைத்துவிட்டு ஜப்பானிய முகாம் தளபதி சைட்டோ பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில், இரு தரப்புக்கும் நடுவே கிடக்கும் வெற்று மைதானம்தான் அதிகாரத்தின் அளவுகோல். அதை வெட்டிவிட்டு முகத்துக்கு முகம் தாவினால், மிஞ்சுவது இரண்டு பேரின் வாக்குவாதம். 161 நிமிடப் படத்தின் ஊடே கார் விளம்பரங்களும் நுழைந்தால், பாலம் தகர்வதற்கு முந்தைய அந்த நீண்ட காத்திருப்பு என்ன ஆகும்?

எல்லாப் போர்ப் படங்களுக்கும் இந்தக் கதி இல்லை. அதே 1957இல் வெளிவந்த ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' 88 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். அதன் உயிர்நாடி ராணுவ நீதிமன்ற விசாரணை. அதைச் சின்னத்திரை நன்றாகவே தாங்கும். நிலப்பரப்பால் பேசும் படங்கள் சிறுத்துப்போகின்றன, முகங்களால் பேசும் படங்கள் பிழைத்துக்கொள்கின்றன.

வெட்டு, விளம்பரம், அளவு ஆகிய மூன்றும் திருத்தக்கூடியவை, பெருமளவு திருத்தப்பட்டும்விட்டன. அகலத்திரைத் தொலைக்காட்சிகள் வந்துவிட்டன. 1994இல் தொடங்கிய டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசை, விளம்பர இடைவெளியின்றிப் படங்களைக் காட்டியது. அதன் தொகுப்பாளர் ராபர்ட் ஆஸ்போர்ன் படத்துக்கு முன்னும் பின்னும் தோன்றிப் படத்தின் பின்னணியைச் சொன்னார். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தை ஏபிசி 2001இலும் 2002இலும் வெட்டாமலே ஒளிபரப்பியது. 2004இல் அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள் அபராதத்துக்கு அஞ்சி அதை மறுத்தன. அச்சத்துக்கு முக்கியக் காரணம் படத்திலுள்ள வசவுச் சொற்கள். குடல் சரிந்து கிடக்கும் சிப்பாய்கள் அவ்வளவாக உறுத்தவில்லை!

எளிதில் தீராத குறை நிகழ்ச்சிப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று வரும் நினைவு நாளையொட்டிப் போர்ப் படங்கள் வரிசைகட்டி ஓடுகின்றன. பிரிட்டனில் 'தி கிரேட் எஸ்கேப்' கிறிஸ்துமஸ் விருந்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. அந்தப் படம் சொல்லும் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து 1944இல் நிஜமாகத் தப்பியவர்கள் 76 பேர்; பிடிபட்ட 73 பேரில் 50 பேரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். படம் இதை மறைக்கவில்லை, அந்த ஐம்பது பேருக்கே தன்னைக் காணிக்கையாக்குகிறது. ஆனால் ஆண்டுதோறும் பண்டிகைச் சாப்பாட்டோடு பார்ப்பவர் நினைவில் தங்குவது, நிஜத்தில் நடந்தேயிராத அந்த மோட்டார் சைக்கிள் பாய்ச்சல். விடுமுறை மனநிலைக்கு எது ஒத்துப்போகிறதோ அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. அப்படி ஓடுவதே காலப்போக்கில் வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

குவாய் படத்தில் இது நமக்கு நெருக்கமான விஷயம். படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கல அருகே களனி ஆற்றின் கரையில். கதையின் பின்னணியான சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-43இல் ஜப்பானியர் போட்டது. அதில் வேலைவாங்கப்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். மாண்டவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகம். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகை. காலராவிலும் பசியிலும் சுமார் 90,000 ஆசியர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். சரியான பதிவேடு கிடையாது. படத்தில் பாலம் கட்டுவது வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே. பான் அண்ட் ஸ்கேன் வெட்டிய ஓரங்களை அகலத்திரை மீட்டுத் தந்துவிட்டது. இந்தத் தோட்டத் தொழிலாளர்களை எந்த அகலத்திரையும் மீட்டுத் தராது. அவர்கள் படச்சுருளிலேயே இல்லை.

இதற்காகப் படத்தைப் பழிப்பது பாதி நியாயம்தான். லீன் எடுத்தது கற்பனைக் கதை, பியர் பூலின் நாவலை ஒட்டியது. ஒரு படைப்பு எல்லாவற்றையும் சொல்லித் தீர வேண்டியதில்லை. ஆனால் ஒரே படத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒளிபரப்பி, பக்கத்தில் வேறெதையும் வைக்காத நிலையத்துக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது. படைப்பாளிக்குத் தேர்வு உரிமை உண்டென்றால், மறுஒளிபரப்பு செய்பவருக்குப் பொறுப்பு உண்டு.

எனவே, பழைய போர்ப் படங்கள் தொலைக்காட்சியில் தொடர்ந்து வரட்டும். முழு அகலத்தில், இடைவெட்டு இல்லாமல் வரட்டும். படத்துக்கு முன் ஐந்து நிமிட அறிமுகம் இருக்கட்டும். குவாய் பாலம் ஓடும் வாரத்திலேயே, சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் அதே நேரத்தில் வரட்டும். நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டால் கணக்கில் சேராது.