ஏழு கட்டைக்குள் ஒளிந்த சொற்கள்

ஸ்கிராபிள் பலகையின் முன் உட்கார்ந்தவரிடம் ஏழு எழுத்துக் கட்டைகள்: ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. புதியவர் கண்ணுக்கு 'ரெயின்' தெரியும், 'டிரெயின்' தெரியும். பழகியவர் கை சும்மா இருக்காது. கட்டைகளை முதலில் அகரவரிசையில் அடுக்கும். பிறகு 'இ', 'ஆர்' இரண்டையும் வலக்கோடிக்கு ஒதுக்கும். ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்களுக்கு அதுதான் வால். மிச்சமுள்ள ஐந்தைப் புரட்டினால் 'ஸ்டெயின்'. வாலை ஒட்டினால் 'ஸ்டெயினர்'. 'எஸ்'ஸைக் கடைசிக்குத் தள்ளினால் 'ரீடெயின்ஸ்', 'ரெட்டினாஸ்'. இன்னும் கலைத்தால் 'நாஸ்டியர்', கிரேக்க ஒயினான 'ரெட்சினா'. ஏழும் ஒரே மூச்சில் இறங்கினால் 50 புள்ளி கூடுதல்.

ஒரே பிடி எழுத்தில் இத்தனை முகங்கள்! அதைக் காணும் கணத்தின் சிலிர்ப்புக்கு ஈடில்லை.

1930களில் ஸ்கிராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ், வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று பொறுமையாக எண்ணினார். அதனால்தான் 100 கட்டைகளில் 'இ' 12, 'க்யூ' ஒன்றே ஒன்று. 'எஸ்' நான்குதான், அதிகம் கொடுத்தால் பன்மையிலேயே ஆட்டம் ஓடிவிடும். அருமையான கணக்கு.

'க்யூ' வந்தால் பலர் 'யூ'வைத் தேடித் தவிப்பார்கள். பக்கத்தில் ஓர் 'ஐ' போதும்: உயிராற்றலைக் குறிக்கும் அந்த ஈரெழுத்துச் சீனச் சொல் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது.

மொழி தெரியாமல் சொற்களை மட்டும் அறிந்தும் வெல்லலாம்: நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும்.